பழைய நகர வீதிகளுக்கு ஆடியோ நடை: தயாரிக்கும் முறை

ஆடியோ நடை என்பது, ஃபோனில் விளக்கத்தைக் கேட்டபடியே ஒருவர் தானாக நடந்து வீதிகளைப் பார்ப்பது. அதைத் தயாரிக்க, பாதையை முடிவு செய்த பிறகே ஸ்கிரிப்ட் எழுத உட்காருங்கள். வரலாற்றை முழுக்க எழுதிவிட்டு வழி தேடினால், கேட்பவர் கண்ணுக்கே படாத கட்டடத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டி வரும்.

நீளம் 2 கிலோமீட்டர், நிறுத்தங்கள் 10 முதல் 12 வரை போதும். நடக்க மட்டும் அரைமணி நேரம். கேட்பது, படம் எடுப்பது, சிக்னலில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். படிக்கட்டு வந்தால் சக்கர நாற்காலிக்கு மாற்று வழியும் பார்த்து வையுங்கள்.

எந்தக் கட்டடம் என்பதைவிட எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் வேலை அதிகம். மூன்று மாடி முகப்பை அதன் வாசலில் நின்று பார்க்க முடியாது. எதிர்ப்புற நடைபாதை வேண்டும். அங்கே நிழல் இருக்கிறதா, நாலு பேர் நின்றாலும் மற்றவர்களுக்கு வழி கிடைக்குமா என்று பாருங்கள். மேற்கு பார்த்த முகப்புக்குக் காலையில் வெயில் பின்னாலிருந்து வரும், செதுக்கு வேலை எதுவும் தெரியாது. அப்படிப்பட்டவை அதிகம் இருந்தால் நடையை மாலைக்கு மாற்றிவிடலாம்.

நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள். ஒரு நிறுத்தத்துக்கு 200 முதல் 300 சொற்கள். அதற்கு மேல் போனால் கால் தானாக நகரத் தொடங்கும். முதல் வரியிலேயே ஆளைத் திருப்பி நிறுத்துங்கள்: “மணிக்கூண்டுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வலக்கைப் பக்கம், இரண்டாவது ஜன்னலுக்கு மேலே ஓர் எண் செதுக்கியிருக்கிறது.” பிறகு நாலு விநாடி மௌனம், தேடிப் பார்க்க. வெறுமனே “இடப்பக்கம்” என்றால் யாருடைய இடப்பக்கம்? கடைப் பெயர்ப்பலகை, சுவரின் நிறம் இவற்றை அடையாளமாகச் சொல்லாதீர்கள், அடுத்த வருடமே மாறலாம். நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் ஆடியோவில் வேண்டாம், எழுத்தில் இருந்தால் திருத்துவது சுலபம். சாலையைக் கடக்கும் இடத்தில் கதை ஓடவே கூடாது: “இங்கே நிறுத்துங்கள், அந்தப் பக்கம் போனதும் மறுபடி தட்டுங்கள்.”

பதிவுக்குத் துணி நிறைந்த அலமாரி உள்ள படுக்கையறை போதும். மைக்கை ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே ஓரமாக வையுங்கள். ‘ப’ வரும்போது காற்று மோதி வெடிக்காது. தெருச் சத்தத்தைப் பின்னணியில் தூக்கலாக வைப்பது பலருக்கும் வரும் ஆசை. கேட்பவர் நிற்பதே தெருவில்தானே! மோனோவில், அதாவது இரு காதிலும் ஒரே ஒலி வரும்படி, ஏற்றுமதி செய்யுங்கள், ஏனென்றால் வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமென்று பலர் ஒரு காதில் மட்டும்தான் இயர்பட் மாட்டுவார்கள். 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) எம்பி3 என்றால் நிமிடத்துக்கு அரை எம்பிகூட ஆகாது. 40 நிமிட ஆடியோ 20 எம்பிக்குள் அடங்கும். கிளம்பும் முன்பே முழுவதையும் டவுன்லோடு செய்துகொள்ளும் வசதி கட்டாயம்.

ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் தானாக ஒலிக்கும் ஆப் என்றால் தகராறு அங்கேதான் தொடங்கும். திறந்த வெளியில் ஃபோன் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் காட்டும். குறுகிய சந்தில் சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பிழை பல மடங்காகி, பக்கத்துத் தெருவில் நிற்பதாகக்கூடக் காட்டும். தூண்டல் வட்டத்தின், அதாவது உள்ளே வந்ததும் ஆடியோ தானாக ஓடத் தொடங்கும் எல்லையின், ஆரத்தை 25 மீட்டர் வையுங்கள். இரு நிறுத்தங்கள் 60 மீட்டருக்குள் இருந்தால் வட்டங்கள் ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும், தவறான ஆடியோ ஓடும், இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். வட்டத்தின் மையம் கட்டடமல்ல, கேட்பவர் நிற்கும் இடம். பேட்டரி சேவர் போட்டிருந்தால் திரை அணைந்ததும் ஆப் தூங்கிவிடலாம், அதை முதல் ஆடியோவிலேயே சொல்லுங்கள். நிறுத்தத்தின் எண்ணைத் தட்டிக் கேட்கும் பட்டியலும் கூடவே இருக்கட்டும்.

கடைசியில், ஊர் தெரியாத ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்துப் பத்தடி பின்னால் வாய் திறக்காமல் நடந்து போங்கள். அவர் எங்கே தலையைத் திருப்பித் திருப்பித் தேடுகிறாரோ, அந்த நிறுத்தத்தின் முதல் வரியைத் திருத்த வேண்டும். நிறுத்தத்துக்கு ஒரு கோப்பாக வைத்திருந்தால் அதை மட்டும் மறுபடி பேசி மாற்றிவிடலாம்.