ஆடிட்டருக்கு பில் அனுப்பும் முன்

மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (மாத மொத்த வரிக் கணக்கு) போட்டாக வேண்டும். அதனால் 19-ஆம் தேதி ராத்திரி நாற்பது போட்டோவை வாட்ஸ்அப்பில் கொட்டாதீர்கள், தயவுசெய்து. போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஜிஎஸ்டி எண்ணில் எது 8, எது பி என்றே தெரியாமல் கண் பூத்துப்போகிறது. கூகுள் டிரைவ் ஆப்பிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. அதில் எல்லா பில்லையும் ஒரே பிடிஎஃப்பாக்கி, வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள்.

லீ பஜார் கடைக்காரர் ஒருவர் ஒரு வருஷ ரசீதை மஞ்சப்பையில் கொண்டுவந்து கொட்டினார். பாதி வெறும் வெள்ளைத்தாள். தெர்மல் பேப்பர் அப்படித்தான், சேலத்து வெயிலில் வண்டி டேங்க் கவரில் கிடந்தால் எழுத்து போய்விடும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பாஸ்வேர்ட். பேங்க் ஸ்டேட்மெண்ட்டை அனுப்பிவிட்டு ஏற்காடு எஸ்டேட்டுக்குப் போய்விட்டால் போனும் கிடைக்காது, ஃபைலும் திறக்காது. ஸ்டேட்மெண்ட்டோடு வந்த மெயிலிலேயே பாஸ்வேர்ட் எப்படி இருக்கும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத் திறந்து சரிபார்த்த பிறகு போனில் சொல்லிவிடுங்கள். இ-ஆதாருக்கு (டவுன்லோட் செய்த ஆதார் பிடிஎஃப்) பாஸ்வேர்ட், பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருஷம்.

ஃபைலுக்குக் கடை பெயரும் மாதமும் வையுங்கள்.