டபிள்யூடிஎஸ் சர்வர்: டிரைவரை ஏற்றி பூட் இமேஜ் தயார் செய்வது எப்படி?

மே மாத லீவு வந்துவிட்டால் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள கல்லூரி லேப்களில் மொத்தமாக விண்டோஸ் போடும் வேலை ஆரம்பமாகும். நாற்பது சிஸ்டத்துக்கும் பென்டிரைவோடு அலைவதற்குப் பதில், விண்டோஸ் சர்வரோடு வரும் டபிள்யூடிஎஸ் (விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸ்) வழியாக நெட்வொர்க்கிலேயே போட்டுவிடலாம். ஆனால் லேப் முழுக்க ஒரே மாடல் இருப்பது அபூர்வம். பழையதில் ஒழுங்காக ஓடும் பூட் இமேஜ் (நெட்வொர்க்கில் இறங்கி இன்ஸ்டாலைத் தொடங்கிவைக்கும் சிறு விண்டோஸ்), புதிதாக வாங்கிய சிஸ்டத்தில் நெட்வொர்க் கிடைக்காமல் நின்றுவிடும். அதைச் சரிசெய்யும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

டபிள்யூடிஎஸ் ரோலும், சிஸ்டங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியும் ஏற்கெனவே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே சர்வரில் இருந்தால், சர்வர் பிராப்பர்ட்டீஸில் டிஹெச்சிபி டேபுக்குப் போய் அங்குள்ள இரண்டு கட்டங்களிலும் டிக் போடுங்கள். இமேஜ்களைச் சேமிக்கும் ரிமோட்இன்ஸ்டால் ஃபோல்டரை சி டிரைவில் வைக்காதீர்கள்.

பூட் இமேஜைச் சேர்த்தல்

விண்டோஸ் 10 அல்லது சர்வர் 2019 ஐஎஸ்ஓவைத் திறந்தால், சோர்சஸ் ஃபோல்டருக்குள் பூட்.விம் இருக்கும். டபிள்யூடிஎஸ் கன்சோலில் 'பூட் இமேஜஸ்' மேல் ரைட் கிளிக் செய்து 'ஆட் பூட் இமேஜ்' கொடுத்து அதைக் காட்டுங்கள். விண்டோஸ் 11 டிஸ்க்கில் உள்ள பூட்.விம்மை எடுக்காதீர்கள். டபிள்யூடிஎஸ் வழியாக அதை ஓட்டுவதை மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது. அதற்கு மைக்ரோசாஃப்டின் ஏடிகே கருவித்தொகுப்பைக் கொண்டு தனியாக விண்டோஸ் பிஇ (இன்ஸ்டாலுக்கு முன் ஓடும் சிறு விண்டோஸ்) தயாரிக்க வேண்டும்.

சரியான டிரைவரைப் பிடித்தல்

பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். சிஸ்டத்துக்கான மொத்த டிரைவரையும் இறக்கி பூட் இமேஜுக்குள் திணிப்பது வீண் வேலை. பூட் இமேஜ் முழுசாக ரேமில் ஏறித்தான் ஓடும். அதற்கு நெட்வொர்க் டிரைவரும், தேவைப்பட்டால் ஸ்டோரேஜ் டிரைவரும் போதும். ஆடியோவுக்கும் கிராபிக்ஸுக்கும் அங்கே வேலையில்லை.

புதிய சிஸ்டத்தின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டீடெயில்ஸ் டேபில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வென்_10இசி (தயாரிப்பாளர் எண்), டெவ்_8125 (கார்டு எண்) என்று இருந்தால் அது ரியல்டெக்கின் 2.5 ஜி கார்டு. தயாரிப்பாளரின் தளத்தில் கிடைப்பது இஎக்ஸ்இயாக இருந்தால் செவன்-ஜிப்பில் பிரித்துவிடுங்கள். டபிள்யூடிஎஸ் கேட்பது, டிரைவரின் விவரம் அடங்கிய ஐஎன்எஃப் கோப்பை. அந்த ஐஎன்எஃப்பை நோட்பேடில் திறந்து உங்கள் டெவ் எண்ணைத் தேடுங்கள். எண் இல்லையென்றால் அது உங்கள் கார்டுக்கான டிரைவரே இல்லை. டிரைவரின் பதிப்பு பூட் இமேஜின் பதிப்போடு பொருந்த வேண்டும், கடைசியாகப் போடப்போகும் விண்டோஸோடு அல்ல.

இம்போர்ட் செய்தல்

'டிரைவர்ஸ்' மேல் ரைட் கிளிக், 'ஆட் டிரைவர் பேக்கேஜ்', பிறகு ஃபோல்டரில் உள்ள எல்லா பேக்கேஜையும் எடுக்கும் தேர்வு. வரும் பட்டியலில் 32 பிட் டிரைவர்களின் டிக்கை எடுத்துவிட்டு, மாடல் பெயரில் புது குரூப் தொடங்குங்கள். குரூப்புக்கு மாடல் ஃபில்டர் வைக்கிறீர்களா? எம்எஸ்இன்ஃபோ32 (சிஸ்டம் இன்ஃபர்மேஷன்) கருவியில் 'சிஸ்டம் மாடல்' எதிரே இருப்பதை எழுத்து மாறாமல் போட வேண்டும். ஓர் இடைவெளி பிசகினாலும் அந்த குரூப் அந்த சிஸ்டத்துக்குப் போகாது.

பூட் இமேஜுக்குள் ஏற்றுதல்

முதலில் 'எக்ஸ்போர்ட் இமேஜ்' கொடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு பூட் இமேஜ் மேல் ரைட் கிளிக், 'ஆட் டிரைவர் பேக்கேஜஸ் டு இமேஜ்', 'சர்ச் ஃபார் பேக்கேஜஸ்', தேவையானதற்கு மட்டும் டிக், நெக்ஸ்ட். இமேஜை மவுண்ட் செய்து (ஃபோல்டர் போலத் திறந்து), டிரைவரைச் சேர்த்து, திரும்ப எழுதி முடிக்கச் சில நிமிடம் ஆகும். அக்னி நட்சத்திர நேரத்தில் கரண்ட்டை நம்ப முடியாது, யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் அடுத்த முறை 'ஏற்கெனவே மவுண்ட் ஆகியுள்ளது' என்று பிழை வரும். டிசம் கருவியில் கிளீனப்-மவுண்ட்பாயின்ட்ஸ் கட்டளை கொடுத்தால் சரியாகும்.

எஃப்12 அடித்துப் பார்த்தல்

பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழி பூட்) கட்டத்தில் ஐபி கிடைத்து, இமேஜும் இறங்கி, அதன்பின் டிஹெச்சிபியிடமிருந்து முகவரி பெற முடியவில்லை என்று பிழை வந்தால் குழம்ப வேண்டாம். முதலில் ஐபி வாங்கியது மதர்போர்டின் ஃபர்ம்வேர். இப்போது கேட்பது பூட் இமேஜில் உள்ள விண்டோஸ் பிஇ. இரண்டுக்கும் வெவ்வேறு டிரைவர். ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் வரும் கறுப்புக் கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் அடியுங்கள். கார்டே பட்டியலில் இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை. கார்டு இருந்து 169.254 என்று தொடங்கும் முகவரி (டிஹெச்சிபி பதில் தராதபோது விண்டோஸ் தானே போட்டுக்கொள்வது) வந்தால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். கேபிளையும், சுவிட்சில் ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க் சுழற்சியைத் தடுக்கும் வசதி) போர்ட்டைத் தாமதமாகத் திறக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டிரைவர் சரிதானா என்று சந்தேகம் இருந்தால் இமேஜைத் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டியதில்லை. ஐஎன்எஃப் ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு, அதே கறுப்புத் திரையில் டிஆர்விலோட் (drvload) கட்டளையால் ஏற்றி, டபிள்யூபிஇயுடில் இனிஷியலைஸ்நெட்வொர்க் கொடுங்கள். ஐபி வந்தால் அந்த டிரைவரையே இமேஜில் சேர்க்கலாம்.

நெட்வொர்க் வந்தும் ஹார்டு டிஸ்க் தெரியவில்லையா? இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வரும் சிஸ்டங்களில் விஎம்டி (ஸ்டோரேஜைக் கையாளும் இன்டெல் வசதி) ஆனில் இருக்கக்கூடும். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரின் ஐஎன்எஃப்பையும் இதே முறையில் ஏற்றுங்கள்.

கேப்சர் இமேஜ் (தயார் செய்த மாதிரி சிஸ்டத்தை இமேஜாகப் பிடிக்கும் பூட் இமேஜ்) வேண்டுமென்றால் இதெல்லாம் முடிந்த பிறகே 'கிரியேட் கேப்சர் இமேஜ்' கொடுங்கள்; ஏற்றிய டிரைவர்கள் அதிலும் வந்துவிடும். உருவான கோப்பைத் தனி பூட் இமேஜாகச் சேர்க்க வேண்டும். மாதிரி சிஸ்டத்தில் சிஸ்பிரெப் கருவியை 'ஜெனரலைஸ்' (அந்த சிஸ்டத்துக்கே உரிய அடையாளங்களை நீக்கும் தேர்வு) டிக்கோடு ஓட்டி ஷட்டவுன் செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாத டிரைவ், கேப்சர் திரையின் பட்டியலில் வரவே வராது.