பேரப்பிள்ளை வருமுன் பிரம்பு நாற்காலி

என் மகளுக்குக் கார்த்திகையில் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து கல்லிடைக்குறிச்சிக்குக் கூட்டி வந்த மறுநாளே மச்சில் கிடந்த பிரம்பு நாற்காலியைக் கீழே இறக்கினேன். “எம்மா, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்றாள். அவசரம்தான். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் நம் பக்கம் பிரம்பு காயாது, இடுக்கில் ஈரம் நின்று பூஞ்சணம் பூத்துவிடும். புரட்டாசி வெயில் அடிக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது.

என் அம்மா எனக்கும் தம்பிக்கும் பால் கொடுத்த நாற்காலி. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கைப்பிடி கிடையாது. உட்காரும் இடம் தரையிலிருந்து 14 அங்குலம். சாப்பாட்டு மேசைக்குப் போடுகிற நாற்காலி 18 அங்குலம் வரை இருக்கும். அந்த நாலு அங்குலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்தடி உயரப் பெண் அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்தால் குதிகால் தரையில் படாது. தொடை முன்னால் சரியும், பிள்ளை மடியிலிருந்து வழுக்கும். அதைத் தடுக்கத் தாய் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிப் பிடித்தபடி இருப்பாள். உங்கள் வீட்டில் உயரமான நாற்காலிதான் இருக்கிறது என்றால் பரவாயில்லை, காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள். பாதம் முழுதும் அதில் படிய வேண்டும்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். முதலில் உலர்வாகத் தூசி எடுங்கள். பெயின்ட் அடிக்கிற பழைய பிரஷ் பின்னல் கண்ணுக்குள் நன்றாக நுழையும். அப்புறம் நாற்காலியைக் கவிழ்த்து, சட்டமும் பின்னலும் சேருகிற இடுக்குகளைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கலாம். முற்றத்தில் வைத்துக் கொதிக்கிற வெந்நீரை அந்த இடுக்குகளில் ஊற்றுங்கள், சூட்டில் பூச்சியும் முட்டையும் சாகும். இந்த வேலையைக் கர்ப்பிணி செய்ய வேண்டாம். மருந்து அடிக்கவும் வேண்டாம். பிறகு பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, துடைத்தால் போதும்.

மெத்தை உறைக்குள் நானே எப்போதோ போட்ட அந்துருண்டை கிடந்தது. அதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைப்பிள்ளைக்குப் போர்த்தினால், சில பிள்ளைகளுக்கு இரத்தச் சிவப்பணு உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிள்ளையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த உறையை அப்படியே வீசிவிட்டேன்.

உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்த பின்னலை நிமிர்த்த என் அம்மா செய்த வழி இது. நாற்காலியைத் தலைகீழாக வைத்து, வெந்நீரில் நனைத்த துண்டைப் பின்னலின் அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். அடிப்பக்கம்தான் நன்றாகத் தண்ணீர் குடிக்கும். துண்டை எடுத்துவிட்டு நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள், யாரும் உட்காரக் கூடாது. காயக் காயப் பிரம்பு சுருங்கி இழுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் விரலால் தட்டினேன், சுளகைத் தட்டினது மாதிரி சத்தம் வந்தது. இழை அறுந்திருந்தால் மட்டும் இது உதவாது, பின்னுகிறவரிடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு உருண்டைப் பஞ்சை எடுத்து நாற்காலி முழுக்கத் தடவுங்கள். எங்கே பஞ்சு இழை சிக்குகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது. நகவெட்டியால் நறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பழைய பெயின்ட் அடித்த நாற்காலி என்றால் தேய்க்காதீர்கள், அதன் தூளில் ஈயம் இருக்கலாம்.

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். 1996-இல் என் பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பளபளப்பாக இருக்கட்டும் என்று அடித்தோம். நெடி போகாமல் நாற்காலி திண்ணையிலேயே கிடந்தது. நான் கட்டில் ஓரத்தில் கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுத்தேன். அந்த முதுகுவலி என் மகளுக்கு வரக் கூடாது.

இருக்கைக்குப் பழைய நூல் சேலையை நாலாக மடித்துப் போட்டால் போதும். தடித்த ஸ்பாஞ்சு வைத்தால் உயரம் கூடிவிடும், வேர்க்கவும் செய்யும். பால் சிந்தினால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை நின்றுவிடும்.

உட்காரும் விதத்தை இப்போதே பழகலாம். நாங்கள் குளிக்கிற துண்டைச் சுருட்டிப் பிள்ளையாக வைத்துக்கொண்டோம். இடுப்பு பின்னால் ஒட்ட வேண்டும், மடியில் இலவம்பஞ்சுத் தலையணை. பிள்ளையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரில், வயிறு தாயின் வயிற்றோடு. தாய் குனியக் கூடாது, வாயை அகலத் திறந்ததும் பிள்ளையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். காம்போடு கருவட்டமும் வாய்க்குள் போகணும். காம்பு மட்டும் போனால் புண்ணாகும். ஆபரேஷன் ஆகியிருந்தால் தையலில் படாமல் பிள்ளையைக் கக்கத்துப் பக்கம், கால் பின்னால் போகும்படி பிடிக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலி அதற்குத் தோதானது.

கை எட்டும் தூரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வையுங்கள், பால் கொடுக்கும்போது தாகம் எடுக்கும். பச்சைப்பிள்ளை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும், இரவிலும்தான். உட்கார்ந்தபடி தூங்கிப்போனால் பிள்ளை மடியிடுக்கில் சரிந்து மூச்சு முட்டிவிடும். அதனால் நானும் அதே அறையில் பாய் விரித்துப் படுக்கப்போகிறேன். “ஏட்டி, கண்ணு சொருகுச்சுன்னா ஒரு குரல் கொடு, பிள்ளையை நான் வாங்கிக்கிடுதேன்” என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.