மேலிடம் தப்பு செய்யச் சொல்லும் முன்பே நீங்கள் செய்துவைக்க வேண்டியவை

வேலையில் நேர்மையாக இருக்கப் பெரிய தைரியம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தைரியத்தைவிட முன்னேற்பாடுதான் அதிகம் வேண்டும். ஏனென்றால் தப்புக்கு உங்களைக் கூப்பிடும் வேளை பெரும்பாலும் காலாண்டின் கடைசி நாள் சாயங்காலமாக இருக்கும், மேனேஜர் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார், யோசிக்க நேரமே இருக்காது. உங்கள் கொள்கை என்ன என்று அப்போது உட்கார்ந்து தேட முடியாது.

அதனால் முதலில் உங்கள் எல்லைக்கோட்டை எழுதிவையுங்கள். "நேர்மையாக இருப்பேன்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான்கூட மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், சிறப்பு என்று நான்கு சொற்களைத் தன் விழுமியங்களாக அறிவித்திருந்தது. 2001 டிசம்பரில் கணக்கு மோசடி அம்பலமாகி திவாலானது. நீங்கள் எழுதுவது உங்கள் வேலையில் நிஜமாகவே நடக்கக்கூடியதாக இருக்கட்டும். கணக்குப் பிரிவு என்றால், "பழைய தேதி போட்டு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன்." விற்பனை என்றால், "இல்லாத வசதியை அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லி விற்க மாட்டேன்." கொள்முதல் என்றால், "சொந்தக்காரர் கொட்டேஷன் கொடுத்தால் அன்றே மேலதிகாரிக்குத் தெரிவித்துவிட்டு, அந்த முடிவிலிருந்து விலகிக்கொள்வேன்." நாலைந்து வரி போதும். எல்லாவற்றையும் கொள்கைப் பிரச்சினை ஆக்கிவிடாதீர்கள். விளம்பர வாசகம் மலிவாக இருக்கிறது, மேனேஜர் பேசும் தோரணை பிடிக்கவில்லை என்பதெல்லாம் ரசனை வேறுபாடு. எதற்கெடுத்தாலும் எதிர்க்கிறவர் சொல்வதை, உண்மையிலேயே விபரீதம் நடக்கும்போது யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அப்புறம், "இந்த ஒரு தடவை மட்டும்" என்ற வாக்கியத்தைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமில் 2000-ஆம் ஆண்டு, செலவைக் குறைத்துக் காட்டும்படி நடுமட்டக் கணக்காளர்களிடம் சொன்னபோது, அவர்களில் சிலர் ராஜினாமா செய்யவே தயாரானார்கள். ஒரு தடவைதான் என்று சமாதானம் சொல்லி அவர்களை இருக்க வைத்தார்கள். அடுத்த காலாண்டிலும் அதே கோரிக்கை வந்தது, அதற்கடுத்த காலாண்டிலும் வந்தது. 2002-இல் சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு அதைக் கண்டுபிடித்தது, முதலில் வெளியான தொகையே 380 கோடி டாலர். சொன்னபடி பதிவு போட்ட கணக்காளர் ஒருவருக்கு ஐந்து மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. மேலே இருப்பவர் சொன்னார், செய்தேன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

முதல் தடவை ஒத்துக்கொண்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். இரண்டாவது தடவை மறுக்க வேண்டுமென்றால் முதல் தடவை செய்ததும் தப்பு என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும், அந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, ஆக நீங்களும் இப்போது மறைக்க வேண்டிய ஆள். மறுப்பதற்கு ஆகும் விலை முதல் தடவைதான் மிகக் குறைவு.

சரி, எப்படி மறுப்பது? எடுத்தவுடன் குற்றம் சாட்ட வேண்டாம். கேட்கிறவரும் தனக்கு மேலே உள்ளவரின் நெருக்கடியில்தான் பெரும்பாலும் இருப்பார். "இதை எந்த அடிப்படையில் பதியட்டும் சார், மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்களேன்" என்று கேளுங்கள். பல விஷயங்கள் அந்த இடத்திலேயே செத்துவிடும், ஏனென்றால் அதை எழுத்தில் கொடுக்க யாருக்கும் மனம் வராது. வாயால் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் நீங்களே எழுதுங்கள்: "இன்று பேசியபடி இந்தத் தொகையைப் போன மாதக் கணக்கில் சேர்க்கச் சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா?" கூடவே ஒரு மாற்றுவழியையும் வையுங்கள், விற்பனைக் குறைவை உள்ளபடியே காட்டிவிட்டு, வரவிருக்கும் ஆர்டர்களைத் தனிக் குறிப்பாகச் சேர்த்துத் தருகிறேன் என்பதுபோல. அதுவும் எடுபடவில்லை என்றால் "இதை என்னால் செய்ய முடியாது" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். காரணங்களை அடுக்காதீர்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும்.

"வேலை வேறு, சொந்த மனசாட்சி வேறு" என்று யாராவது தத்துவம் பேசினால் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது, ஏவ வேண்டாம் என்று பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதாடினார்கள். அவர்களின் பிரிவுத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள் என்றார் மேலதிகாரி. அவரும் மாறினார். மறுநாள் ஏவிய 73 நொடியில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, வீட்டுக்கடன் தவணையை யார் கட்டுவது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, என்னைக் கேட்டால் மொத்த விஷயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. அடுத்த மாதச் சம்பளம் வராவிட்டால் குடும்பம் நிற்காது என்ற நிலையில் இருப்பவரிடம் எதையும் செய்யச் சொல்லலாம் என்பது கேட்கிறவருக்கும் தெரியும். சில மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கிவையுங்கள், சம்பளம் ஏறும் வேகத்தில் கடனையும் ஏற்றாதீர்கள், வேறு நிறுவனங்களில் உள்ளவர்களோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள்.

அன்பளிப்பு விஷயத்தில் ஒரே சோதனை போதும்: வாங்கியதை மேனேஜரிடமும் போட்டி சப்ளையரிடமும் கூச்சமில்லாமல் சொல்ல முடியுமா? முடியாது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நடந்ததை வெளியே சொல்லும் முடிவுக்கு வந்துவிட்டீர்களா, கொஞ்சம் பொறுங்கள். தேதியோடு குறிப்பு எழுதிவையுங்கள், நிறுவனத்துக்குள்ளேயே புகார் வழி இருந்தால் அதன் விதிகளைப் படியுங்கள், வெளியே போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. கோபத்தில் ஆபீஸ் ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பலாம்.

நீங்களே மேலிடம் என்றால் டார்கெட்டிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று நெருக்கினார்கள், ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது, சுமார் 5,300 பேர் வேலை இழந்திருந்தார்கள். எட்டு என்ற எண்ணை நிர்ணயித்தது அவர்கள் இல்லை. டார்கெட் போடும் முன்பு, களத்தில் விற்கிறவர்களைக் கூப்பிட்டு இதை நேர்வழியில் எத்தனை பேரால் எட்ட முடியும் என்று கேளுங்கள். பாதிப்பேர் தலையைக் குனிந்தால் எண்ணைக் குறையுங்கள். கெட்ட செய்தியோடு ஒருவர் உள்ளே வந்தால் "யார் பண்ணினது?" என்று ஆரம்பிக்காமல், "இப்போது என்ன செய்யலாம்?" என்று ஆரம்பியுங்கள், அடுத்த தடவையும் அவர் உங்களிடம் வருவார்.