கோரிக்கைகளை நிறைவேற்ற முடியாதபோது சேவை நிரலை முறையாக நிறுத்துவது எப்படி

தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் பத்துமலைக்கான காணிக்கைகளை இணையத்தில் பெறும் ஒரு நிரல், பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம் ஒன்றில் இயங்குகிறது என்று கொள்வோம். தரவுத்தளத் தொடர்பு அறுந்து, இடைவெளியைக் கூட்டிக்கூட்டி முயன்றும் மீளவில்லை என்றால், வருவோரையெல்லாம் காக்க வைப்பதைவிட அந்த நிரல் நின்றுவிடுவதே மேல். செலுத்திய பணம் போய்ச் சேர்ந்ததா என்பது பக்தருக்குத் தெரியாமல் போகக் கூடாது. ஆகவே நிற்பதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தனுப்பும் லோட் பேலன்சர் இருந்தால், அதன் சோதனைக்கு முதலில் ‘தயாரில்லை’ என்று பதிலளியுங்கள். அது உங்கள் சர்வரைப் பட்டியலிலிருந்து நீக்கச் சில விநாடிகள் ஆகும். அதுவரை வரும் கோரிக்கைகளுக்கு ‘சேவை இப்போது இல்லை’ எனப் பொருள்படும் 503 என்ற பதிலை, எப்போது மீண்டும் முயலலாம் என்று சொல்லும் ‘ரீட்ரை-ஆஃப்டர்’ தலைப்புடன் அனுப்பிவிட்டு, அதன் பிறகே புதிய இணைப்புகளை ஏற்கும் சாக்கெட்டை (பிணைய இணைப்பின் முனையை) மூடுங்கள். பாதியில் நிற்கும் பரிவர்த்தனைகளை முடிக்க முடிந்தால் முடியுங்கள். இல்லையேல் ரத்து செய்து, அதை உரியவருக்குத் தெரிவியுங்கள்.

பலர் தவறவிடுவது இணைப்பை மூடும் விதத்தைத்தான். பயனர் அனுப்பிக்கொண்டிருக்கும் தரவைப் படிக்காமலேயே 503 அனுப்பி உடனே சாக்கெட்டை மூடினால், இயங்குதளம் இணைப்பைச் சட்டென முறிக்கும் டிசிபி ரீசெட்டை அனுப்பிவிடும். அது போய்ச் சேர்ந்ததும், பயனரின் கணினி அதுவரை வாசிக்காத பதிலையும் சேர்த்துத் தள்ளிவிடக்கூடும். எனவே பதிலை எழுதியதும் அனுப்பும் பக்கத்தை மட்டும் ‘ஷட்டவுன்’ செய்து, எதிர்முனை மூடும் வரையோ இரண்டு விநாடி கடக்கும் வரையோ வருவதைப் படித்துக் கழித்துவிட்டு, பிறகு முழுவதும் மூடுங்கள்.

வெளியிலிருந்து ‘நின்றுவிடு’ என்று கேட்கும் சிக்டெர்ம் சமிக்ஞை வந்தாலும் நிரல் இதே வழியில்தான் நிற்க வேண்டும். நிரல்களைக் கொள்கலன்களில் இயக்கும் கருவிகளில், இயல்பான அமைப்பில் டாக்கர் 10 விநாடியும் குபர்நெட்டிஸ் 30 விநாடியும் பொறுத்துவிட்டு, நிரலை உடனே நிறுத்தும் சிக்கில் சமிக்ஞையை அனுப்பும்; அதை எந்த நிரலாலும் தடுக்க முடியாது என்பதால், உங்கள் கெடுவை அதைவிடக் குறைவாக வையுங்கள். தானாக நிற்கும்போது காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, பூஜ்யம் அல்லாத குறியீட்டுடன் வெளியேறுங்கள். பூஜ்யத்துடன் வெளியேறினால், தோல்வியின்போது மட்டும் மறுதொடக்கம் செய்யுமாறு அமைத்த சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்), வேலை நல்லபடி முடிந்ததாகக் கருதி வாளாவிருந்துவிடும்.

சோதனைச் சர்வரில் தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி மூலம் பெரிய கோப்பு ஒன்றை வேகத்தைக் குறைத்துப் பதிவேற்றுங்கள். 503 முழுமையாக வந்தால் மூடும் முறை சரி. இணைப்பு ரீசெட் ஆனதாகப் பிழை வந்தால், மீதித் தரவைப் படித்துக் கழிக்கும் பகுதியைத் திருத்துங்கள்.