ட்ரூகாலரில் பெயர் வந்தால் போதுமா?

திரையில் ‘பேங்க் மேனேஜர்’ என்று வருகிறது. அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் ஆப்பே சொல்லிவிட்டது என்று நம்பிப் பேசத் தொடங்குவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அந்தப் பெயரை வங்கி கொடுக்கவில்லை. அந்த எண்ணை நாலு பேர் எப்படிச் சேமித்திருக்கிறார்களோ, எண்ணுக்குரியவர் தானே என்ன பெயர் போட்டுக்கொண்டாரோ, அதுதான் வரும். மோசடிக்காரர் புது சிம் வாங்கி வங்கியின் லோகோவையே படமாக வைக்கலாம்.

பெயரை விடுங்கள், எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். 140 என்றால் விளம்பரம். 1600 என்பது வங்கி, காப்பீடு, அரசுத் துறைகளின் சேவை அழைப்புகளுக்கென ஒதுக்கிய வரிசை. சாதாரண 10 இலக்க செல் எண்ணிலிருந்து “கேஒய்சி காலாவதியாகிவிட்டது, ஓடிபி சொல்லுங்கள்” என்றால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே போடுங்கள். அழைப்பு வந்த எண்ணுக்கே திருப்பி அடித்து ‘சரிபார்ப்பது’ சரிபார்ப்பே அல்ல. எடுப்பது அதே ஆள்தான்.

இதற்கு நேர்மாறாக, தெரியாத எண் எல்லாவற்றையும் சைலன்ஸில் போடுவோர் உண்டு. கூரியர்காரர், ரத்தப் பரிசோதனை லேப், பள்ளி வேன் டிரைவர் எல்லோரும் மிஸ்டு காலாகிவிடுவார்கள். கூகுள் போன் ஆப் இருந்தால், செட்டிங்ஸில் ‘காலர் ஐடி அண்ட் ஸ்பேம்’ போய், ‘ஃபில்டர் ஸ்பேம் கால்ஸ்’ மட்டும் ஆன் செய்யுங்கள். ஸ்பேம், அதாவது தொல்லை அழைப்பு என்று சந்தேகப்படுபவை மட்டும் அடிக்காது.

ஒவ்வொரு எண்ணாக பிளாக் செய்வதும் வீண்வேலை, நாளைக்கு வேறு எண்ணில் வருவார்கள். 1909க்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட் 0’ என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பர அழைப்புகள் முழுதும் தடையாகும். வங்கியின் ஓடிபி வழக்கம்போல வரும். அதற்குப் பிறகும் தொல்லை வந்தால், அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘ட்ராய் டிஎன்டி’ ஆப்பில் புகார் செய்யுங்கள். ஆளை ஏமாற்றப் பார்க்கும் அழைப்பு என்றால் இடம் வேறு: மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் ‘சக்ஷு’ பகுதி.

காலர் ஐடியால் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு. “பார்சல் வந்திருக்கு, இந்த நம்பரை டயல் பண்ணுங்க” என்பார்கள். *21* அல்லது *401* என்று தொடங்கி, பின்னால் 10 இலக்கம் இருக்கும். அது கால் ஃபார்வர்டு. டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள், குரலில் சொல்லப்படும் ஓடிபி உட்பட, அவர்களுக்குப் போகும். தெரியாமல் செய்துவிட்டால் உடனே ##002# டயல் செய்யுங்கள். பெரும்பாலான நெட்வொர்க்குகளில் ரத்தாகிவிடும். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போடுங்கள்.