பழனி மலைக்குச் சைக்கிளில்: வேன் துணையும் பழைய நண்பர்களும்

மதுரையில் புறப்பட்டுக் கொடைக்கானல் ஏறி, பழனியில் இறங்கும் சைக்கிள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் நான்கு பேர் சைக்கிளில், சாமான்கள் வேனில், இரவுகள் பழைய நண்பர்களின் வீடுகளில் என்று போய்வந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கியர் மாற்றவும் டியூப் மாற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நண்பர்கள் முதலில், தூரம் பிறகு

பெரும்பாலோர் வரைபடத்தைத் திறந்து, நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கூறுபோடுவதில் ஆரம்பிக்கிறார்கள். நான் நண்பர்களின் ஊர்களை எழுதிவைத்து, அவற்றைச் சாலையால் இணைக்கச் சொல்வேன். எங்கள் வழி இப்படி அமைந்தது: மதுரையிலிருந்து சோழவந்தான், நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு, சுமார் 60 கிலோமீட்டர். மறுநாள் மலைச்சாலையில் ஊத்து வரை ஏறி, அங்கே பிரிந்து பண்ணைக்காடு. அதற்கடுத்த நாள் பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல். கடைசியாகப் பழனி.

எந்த நாளாக இருந்தாலும் பிற்பகல் இரண்டு மணிக்குள் நண்பர் வீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். மாலையில் மூடுபனி இறங்கினால் எதிரே வருவது தெரியாது, காட்டுமாடுகளும் சாலைக்கு வரும். அதைவிட முக்கியம், பல ஆண்டுகளாகப் பார்க்காத ஒருவரின் வீட்டுக்கு இருட்டியபின் போய், சாப்பிட்டுப் படுத்து, விடியற்காலையில் கிளம்புவது அவரைப் பார்த்ததாகவே ஆகாது.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சொல்லும்போது ஓட்டுநரையும் சேர்த்தே சொல்லுங்கள். வேன் நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள். வீடு சிறியதென்றால் சாப்பாடு அவர்களோடு, படுக்கை வேனில் என்று முன்கூட்டியே பேசிவிடலாம்.

2. வேனைத் தேர்ந்தெடுப்பது

கட்டில், சமையலறை எல்லாம் வைத்த பெரிய கேரவன் இந்த மலைக்கு வேண்டாம். 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்களுக்குக் கொடைக்கானல் மலைச்சாலையில் அனுமதியே இல்லை. அதைவிடச் சிறியதாக இருந்தாலும், கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வரும்போது அகலமான வண்டி பெரும் தலைவலி. கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றிய டெம்போ டிராவலரே என் தேர்வு. முன் சக்கரத்தைக் கழற்றினால் ஐந்து சைக்கிள்கள் உள்ளே நிற்கும். நான்கு பேர் என்றாலும் ஐந்து ஏற்றுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கூரைமேல் கட்டாதீர்கள், தாழ்ந்த மரக்கிளைகள் உண்டு.

வேனுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு, கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. எத்தனை பேர், எந்த நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். நண்பர் வீட்டு முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள், வாகன நெரிசலில் சைக்கிளுக்கு இடமே இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

3. சைக்கிள்

முன்னால் சிறிய பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் பின்னால் பெரியதிலும் குறைந்தது 34 இருக்கட்டும். வத்தலக்குண்டு ஏறத்தாழ 320 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,133 மீட்டர். சரிவு செங்குத்தாக இல்லை, ஆனால் மணிக்கணக்கில் விடாது. மெல்லிய டயரை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், 35 மி.மீ. அகலம் போதும். பிரெஸ்டா வால்வு (மெல்லிய, நுனியில் திருகுள்ள வால்வு) டியூப் என்றால் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி, ஒன்றைச் சட்டைப்பையில் வையுங்கள். ஊர்க் கடைப் பம்ப்பில் அது இல்லாமல் காற்று ஏறாது.

4. வேனும் சைக்கிளும் எப்படிச் சேர்ந்து போவது

எங்களை மிகவும் அலைக்கழித்தது இந்தப் படிதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

துணை வேன் என்றதும் சைக்கிளுக்குப் பின்னாலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு வரும் என்று நினைப்போம். சமவெளியில் அது சரி. மலையேற்றத்தில் புதியவர்கள் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள். அந்த வேகத்தில் ஊர்ந்தால் வேனின் கிளட்ச் சூடாகிக் கருகல் வாடை வரும். பின்னால் பேருந்தும் லாரியும் வரிசை கட்டும். பொறுமையிழந்த ஒருவர் வளைவில் முந்துவார், ஆபத்து நமக்கே.

எனவே வேன் முன்னால் போய்க் காத்திருக்க வேண்டும். காமக்காபட்டி சோதனைச்சாவடி, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை ஆகியவை பெரிய சந்திப்பிடங்கள். இவற்றுக்கு நடுவிலும் ஐந்து ஐந்து கிலோமீட்டருக்கு ஓரிடம் வேண்டும். அதற்குச் சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் பயன்படுத்துங்கள். முந்தைய நாள் ஓட்டுநரோடு வேனில் ஒருமுறை ஏறி, ஓரம் அகலமாக உள்ள இடங்களில் கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள். அந்த எண்களை ஓர் அட்டையில் எழுதி ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் ஒட்டுங்கள். தொலைபேசியை நம்ப முடியாது, பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது.

விதிகள் மூன்று. கடைசி ஆள் வந்து, தண்ணீர் நிரப்பி, கிளம்பிய பிறகுதான் வேன் நகர வேண்டும். எதிர்பார்த்த நேரத்துக்கு மேல் முக்கால் மணி கடந்தால் வேன் கீழே திரும்பி வர வேண்டும். வழியில் நின்றுபோனவர் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. அவசரமென்றால் மேலே போகும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, நடத்துநரிடம், “அண்ணே, டம்டம் பாறையில் வெள்ளை வேன் நிற்கும், பின் சைக்கிள் செயின் அறுந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்” என்றால் போதும். எங்களுக்குச் செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பேருந்தின் வேகத்தைக் குறைத்து, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கல்லின் எண்ணோடு சொல்லிவிட்டுப் போனார் அந்த நடத்துநர்.

டம்டம் பாறையில் எதிரே எலிவால் அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைப் பார்க்கலாம், கீழே மஞ்சளாறு அணை. அங்கே வேன் கதவைத் திறந்து வைக்காதீர்கள். குரங்குகள் வாழைப்பழச் சீப்பை முழுதாகத் தூக்கிப் போய்விடும்.

5. வீட்டு வாசலுக்கு முன்

நண்பர் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வேனை நிறுத்தச் சொல்லி, முகம் கழுவி உடை மாற்றிக்கொள்ளுங்கள். வியர்வை ஊறிய சட்டையோடு போனால் அந்த வீட்டாருக்கு முதல் அரை மணி நேரமும் உங்களுக்கு வெந்நீர் போடுவதிலேயே கழியும். நிலக்கோட்டையில் வாங்கிய மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி வேனில் வைத்திருந்தோம். பண்ணைக்காட்டு நண்பனின் அம்மா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, “இன்னும் மொட்டு விரியவில்லையே, எப்படிப்பா கொண்டுவந்தாய்?” என்றார். அதற்குப் பிறகு மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்குக் கீழே, அவர்கள் காப்பித் தோட்டத்தில், இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஐந்தாவது சைக்கிளை எதற்கு ஏற்றச் சொன்னேன் என்றால், அது நண்பருக்காக. மறுநாள் காலை பத்து கிலோமீட்டராவது அவரையும் கூட ஓட்டச் சொல்லுங்கள். களைத்தால் வேன் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து வராத பேச்சு பக்கத்தில் மிதித்துக்கொண்டு போகும்போது வரும். வேன் துணையின் உண்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து.

6. பழனிக்கு இறக்கம்

பெருமாள்மலையில் பிரியும் சாலை சவரிக்காடு வழியாக இறங்குகிறது. இங்கே வேன் கடைசியில் வரட்டும். பிரேக்கை அழுத்தியபடியே இறங்காதீர்கள்; வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி, பிறகு விட்டுவிடுங்கள். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். அவ்வப்போது நின்று, ரிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ‘சுர்’ என்றால் பத்து நிமிடம் காத்திருங்கள்.

பின்சேர்க்கை

தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் தடை உண்டு. 20 லிட்டர் கேனை வேனில் வைத்து, எவர்சில்வர் பாட்டில்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் ஓட்டுநர் பேட்டா எவ்வளவு என்று கேட்டிருந்தார். பேசிய தொகைக்கு மேல் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். நாள் முழுவதும் சாலையோரம் நிற்பது வண்டி ஓட்டுவதைவிடச் சலிப்பான வேலை. இரவில் அவருக்குத் தனிப் படுக்கையும் எட்டு மணி நேரத் தூக்கமும் கிடைப்பதை நீங்கள் உறுதிசெய்ய வேண்டும், மறுநாள் மலைச்சாலையில் வண்டி ஓட்டப்போவது அவர்தான்.